மிஸ்டர் அசைன்ஸ் குடும்பத்துக்கு

என் அம்மாவைப் பற்றி எங்கள் பக்கத்தில் இரண்டு கதைகள் உலவுகின்றன. முடிவெட்டும் கடையில் சொல்வது ஒன்று: வெர்னீஸ் ப்ளெட்சோ கைக்கு வந்த பதினோராயிரம் டாலரைத் தானே வேண்டாம் என்றாள், பிழைக்கத் தெரியாதவள். சர்ச்சில் சாப்பாட்டு மேசைகளில் சொல்வது இன்னொன்று: மனைவியை இழந்த ஒரு வயதானவரை ஏமாற்றப் பார்த்தாள், மாட்டிக்கொண்டதும் நல்லவளாகிவிட்டாள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதுதான் எனக்குத் தொந்தரவு.

போன ஜூனில் நான் பள்ளியை முடித்தேன். அடுத்து என்ன என்று இன்னும் முடிவாகவில்லை. அம்மாவைப் போல வீடு விற்பனைக்கான லைசென்ஸ் தேர்வு எழுதலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது. அதற்கு முன் நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்த்துவிட நினைக்கிறேன்.

அம்மா செயின்ட் லூயிஸின் வடக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. நடுவில் இருக்கும் ஐந்து மணி நேரத்தில், வண்டியை நிறுத்திவிட்டு ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்து சட்டப் புத்தகம் படித்தார். தேர்வில் இரண்டு முறை தோற்று மூன்றாவது முறை தேறினார். லைசென்ஸ் வந்தாலும் தனியாகத் தொழில் செய்ய முடியாது. ஒரு புரோக்கரின் அலுவலகத்தில் பெயர் இருக்க வேண்டும், தவறு செய்தால் அந்தப் புரோக்கரும் பதில் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் கிடைத்த புரோக்கர் டெஸ்மண்ட் ராங்கின். இருபத்தொன்பது வயது. சிறுவனாக இருந்தபோது அம்மாவின் பேருந்தில்தான் போனார். சத்தம் போடும் பிள்ளைகளை அம்மா முதல் இருக்கையில் உட்கார வைப்பார். நாலாம் வகுப்பு முழுவதும் டெஸ்மண்ட் முதல் இருக்கையில்தான் போனார்.

"மிஸ் வெர்னீஸ், இப்ப நான் ஒங்க பாஸ். என்னைப் பின்னாடி சீட்டுல உக்கார விடுவீங்களா?" என்பார்.

"மொதல்ல சத்தம் போடாம இருக்கக் கத்துக்கோ" என்பார் அம்மா.

விற்பனையில் வரும் கமிஷன் போதவில்லை. எங்கள் பக்கத்து வீடுகள் சிவப்புச் செங்கல் வீடுகள், பார்க்க அழகானவை, ஆனால் விலை போகாதவை. ஒரு வீட்டை விற்றால் கிடைக்கும் கமிஷனில் அம்மாவின் பங்கு ஒரு மாத வாடகைக்குக்கூடக் காணாது. அதனால் அம்மா கைமாற்றும் தொழிலிலும் இறங்கினார். ஓட்டை வீடோ வரி பாக்கி வீடோ, அதன் சொந்தக்காரருடன் குறைந்த விலைக்கு ஓர் ஒப்பந்தம் போடுவது. பணம் கொடுத்துப் பதிவு செய்வதற்கு முன்பே அந்த ஒப்பந்தத்தை அதிக விலைக்கு இன்னொருவருக்கு மாற்றிவிடுவது. இடையில் உள்ள தொகையை எடுத்துக்கொள்வது. இங்கே இதை ஹோல்சேல் என்கிறார்கள். தெருக்கம்பம் தோறும் மஞ்சள் அட்டைகளில் 'உங்கள் வீட்டை ரொக்கத்துக்கு வாங்குகிறோம்' என்று ஒரு தொலைபேசி எண்ணோடு தொங்குவது இவர்கள் வேலைதான். முக்கால்வாசிப் பேரிடம் லைசென்ஸ் கிடையாது.

அம்மா கேட்டபோது டெஸ்மண்ட் உடனே தலையாட்டிவிடவில்லை.

"அவங்களுக்கு இல்லாத மூணு கட்டுப்பாடு ஒங்களுக்கு இருக்கு, மிஸ் வெர்னீஸ். லைசென்ஸ் இருக்குன்னு விக்கறவர்கிட்ட எழுத்துல சொல்லணும். அவருக்கு நீங்க ஏஜென்ட் இல்ல, எதிர்ப்பக்கத்து ஆளுன்னும் சொல்லணும். அப்புறம் வெளில போயி 'வீடு விக்கறேன்'னு பேசக் கூடாது. வீடு ஒங்களோடது இல்ல. ஒங்க கையில இருக்கறது அக்ரிமென்ட் மட்டும்தான்."

"கம்பத்துல அட்டை கட்டலாமா?"

"கட்டுங்க. ஆனா அதுல என் ஆபீஸ் பேரு இருக்கணும். லைசென்ஸ் இருக்கறவங்க அத மறைச்சு வெளம்பரம் பண்ணக் கூடாது."

அம்மா கம்பத்தில் கட்டவில்லை. சர்ச் அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு ஒட்டினார். அலுவலகப் பெயர், லைசென்ஸ், எல்லாம் அதில் இருந்தது. அதைப் பார்த்துத்தான் செப்டம்பர் முதல் வாரத்தில் லூஷியஸ் பெட்டிஃபோர்ட் கூப்பிட்டார்.

அவருக்கு எழுபத்தொரு வயது. கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி யூலா இறந்து இரண்டு வருடம். எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி, இரு பக்கமும் வீடுகள் இடிக்கப்பட்டு வெறும் புல்மனையாகிவிட்ட இடத்தில், அவருடைய வீடு மட்டும் தனியாக நிற்கிறது. கூரை ஒழுகியது. கான்சஸ் சிட்டியில் இருக்கும் மகள், குளிர்காலத்துக்கு முன் வந்துவிடும்படி சொல்லிக்கொண்டிருந்தாள்.

சமையலறை மேசையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. விலை முப்பத்தெட்டாயிரம். அம்மா சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார். "பிரதர் பெட்டிஃபோர்ட், எனக்கு லைசென்ஸ் இருக்கு. ஆனா இதுல நான் ஒங்க ஏஜென்ட் இல்ல. வாங்கற கட்சி. வெலை கொறைவா இருக்கலாம். வக்கீல்கிட்டக் காட்டணும்னா காட்டுங்க, நான் காத்திருக்கேன்." அந்த வரிகள் முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருந்தன. அவர் பக்கத்தில் தன் பெயரின் முதல் எழுத்துகளைப் போட்டார்.

பிறகு வாங்குபவரின் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தார். 'வெர்னீஸ் ப்ளெட்சோ அண்ட் ஆர் அசைன்ஸ்' என்று அச்சாகியிருந்தது. ஒப்பந்தத்தை அம்மா யாருக்கு மாற்றிவிடுகிறாரோ அந்த ஆள்தான் அசைன்ஸ். வக்கீல்கள் பழக்கத்தில் வந்த சொல். கைமாற்றும் தொழிலே அந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது.

"இது என்ன?" என்று கேட்டார்.

அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். மாலை நடைக்கு நேரமாகியிருந்தது. "அது எல்லா அக்ரிமென்ட்லயும் வழக்கமா போடறதுதான்" என்றார்.

அவர் தலையசைத்துக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வாரத்தில் ஆள் கிடைத்துவிட்டது. மேற்குப் புறநகரில் இருக்கும் ப்ரென்ட் கெஸ்லிங், நாற்பத்தொன்பதாயிரம் தருவதாகச் சொன்னார். வீட்டுக்காக அல்ல, செங்கலுக்காக. எங்கள் ஊர்ப் பழஞ்செங்கலுக்குத் தெற்கே நல்ல கிராக்கி இருக்கிறது. புதுப் பணக்காரர்களின் தோட்டச் சுவரும் உணவகச் சுவரும் இங்கே இடிக்கப்பட்ட சமையலறைகளில் இருந்து போனவை. செவ்வாய்க்கிழமை நண்பகல் டெஸ்மண்டின் அலுவலகத்தில் கெஸ்லிங் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

பதினோராயிரம். பேருந்தை விட்டுவிட்டு ஆறு மாதம் முழு நேரமும் இந்தத் தொழிலைப் பார்க்க அது போதும் என்று அம்மா கணக்குப் போட்டிருந்தார். அதிகாலை நாலரை மணிக்கு எழ வேண்டாம். ராஜினாமாக் கடிதம்கூட எழுதி, குளிர்பெட்டியின் மேல் காந்தத்தில் ஒட்டி வைத்திருந்தார். தேதி மட்டும் போடவில்லை.

அந்தச் செவ்வாய்க்கு முந்தைய ஞாயிறு, ஆராதனை முடிந்து சர்ச் அடித்தளத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சுட்ட பன்றி இறைச்சி, கீரை, வெண்ணெய் கேக். பெட்டிஃபோர்ட் ஒரு காகிதப் பையுடன் எங்கள் மேசைக்கு வந்தார். கழுத்துப்பட்டை கட்டியிருந்தார்.

"ஜோனெல்," என்றார் என்னிடம், "ஒங்க வீட்டு ஆம்பள எங்க? ரெண்டு ஞாயித்துக்கெழமையா தேடறேன், கண்ணுல படவே மாட்டேங்கறார்."

"யாரு, பிரதர்?"

"அவர்தான். மிஸ்டர் அசைன்ஸ்."

எனக்குப் புரியவில்லை. என் அப்பா எனக்கு ஆறு வயதாக இருக்கும்போதே மெம்ஃபிஸ் போனவர். அவர் பெயர் ப்ளெட்சோ. எதிரே உட்கார்ந்திருந்த சிஸ்டர் ஓடெல்லா முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"வெர்னீஸ், எங்ககிட்டச் சொல்லாமயே கட்டிக்கிட்டியா? விருந்து போடணுமேன்னு பயமா?"

"பேரப் பாத்தா வெளியூர்க்காரர் மாதிரி இருக்கு" என்றார் அவர் கணவர். "ஃப்ரெஞ்சா?"

மேசை முழுவதும் சிரித்தது. அம்மாவும் சிரித்தார். பெட்டிஃபோர்டும் என்ன வேடிக்கை என்று தெரியாமலே கூடச் சிரித்தார். பையிலிருந்து ஒரு தடித்த உறையை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். மேலே சாய்ந்த எழுத்தில் 'மிஸ்டர் அசைன்ஸ் குடும்பத்துக்கு' என்று இருந்தது.

"வீட்டப் பத்தி மூணு பக்கம் எழுதியிருக்கேன். ஒவ்வொண்ணும் எங்க எப்படின்னு. அவர் படிக்கட்டும், சந்தேகம்னா எனக்கு ஃபோன் போடட்டும். நம்ம சர்ச்சுக் குடும்பமே வர்றதுனாலதான் நான் வெலை பேசல, வெர்னீஸ். யூலா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பா."

அம்மாவின் சிரிப்பு நின்றது எனக்கு மட்டும்தான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து உறையைத் திறந்தோம். நான் சத்தமாகப் படித்தேன். கணப்பு இயந்திரம் நவம்பரில் முதல் முறை எழும்பாது. இடது கீழ் மூலையில் பாதத்தின் பக்கவாட்டால் இரண்டு உதை, மூன்றாவது வேண்டாம். மாடிப்படியில் நாலாவது படி இரவில் சத்தம் போடும், பிள்ளைகள் திருட்டுத்தனமாக இறங்கினால் தெரிந்துவிடும். பின்பக்கம் உள்ள ரோஜாவை மார்ச்சில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடவும், பயப்பட வேண்டாம், திரும்ப வரும்.

"போதும்" என்றார் அம்மா.

திங்கள் காலை நடை முடிந்ததும் டெஸ்மண்டைப் பார்க்கப் போனார். நானும் உடன் போனேன். டெஸ்மண்ட் ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தார்.

"எல்லாம் சுத்தமா இருக்கு. கையெழுத்து இருக்கு, மொதல் எழுத்து இருக்கு, லைசென்ஸ சொல்லியிருக்கீங்க. நாளைக்கு அவர் லைசென்ஸ் கொடுக்கற கமிஷன்ல போயிப் புகார் கொடுத்தாலும் இந்தப் பக்கத்தக் காட்டினா போதும்."

"அப்ப ஒண்ணும் தப்பில்லங்கற."

"பேப்பர்ல இல்ல." அவர் தாள்களை அடுக்கினார். "அசைன்ஸ்னா என்னன்னு அவர் கேட்டாரா?"

"கேட்டார்."

"என்ன சொன்னீங்க?"

அம்மா சொன்னார். டெஸ்மண்ட் அடுக்கிய தாள்களைக் கீழே வைத்தார். பிறகு, "மிஸ் வெர்னீஸ், அந்தக் கேள்விய லைசென்ஸ் இல்லாத எவன்கிட்டயாவது கேட்டு, அவன் இந்தப் பதில் சொல்லியிருந்தாப் பரவால்ல. அவர் ஒங்ககிட்ட கேட்டதே ஒங்களுக்கு லைசென்ஸ் இருக்குன்னுதான். தெரிஞ்சவங்கன்னு நம்பிக் கேட்டிருக்கார்" என்றார்.

"என்ன பண்ணச் சொல்ற?"

"நான் சொல்ல மாட்டேன். அக்ரிமென்ட் ஒங்களோடது. ரத்துப் பத்திரம் வேணும்னா தர்றேன், ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. வேணாம்னா நாளைக்கு மத்தியானம் கெஸ்லிங் இங்க வருவார்."

அம்மா ரத்துப் பத்திரத்தை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். ஆனால் காரில் ஏறியதும் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபமாக வந்தது. பதினோராயிரத்தில் என் கல்லூரிக்கும் ஏதாவது இருக்கும் என்று நான் ரகசியமாக எண்ணியிருந்தேன். "அவரே வக்கீல்கிட்டக் காட்டியிருக்கலாமில்ல" என்றேன்.

"காட்டியிருக்கலாம்" என்றார் அம்மா. அவ்வளவுதான். வண்டியைக் கிளப்பினார்.

பெட்டிஃபோர்டின் வீட்டில் பாதிச் சாமான்கள் அட்டைப்பெட்டிகளுக்குப் போயிருந்தன. அவர் மூன்று கோப்பைகளைத் தேடி எடுத்து காப்பி ஊற்றினார். அம்மா உறையை மேசையில் வைத்தார்.

"பிரதர், மிஸ்டர் அசைன்ஸ்னு யாரும் இல்ல."

"வரலையா?"

"அப்படி ஒரு ஆளே கெடையாது. அது ஒரு வக்கீல் வார்த்தை. இந்த அக்ரிமென்ட்ட நான் வேற யாருக்கு வேணும்னாலும் மாத்திக் கொடுக்கலாம்னு அர்த்தம். நான் இங்க குடிவரப் போறதில்ல. மாத்திக் கொடுக்க ஒருத்தரப் பிடிச்சிட்டேன். அவர் நாப்பத்தொம்போதாயிரம் தர்றார். ஒங்களுக்கு முப்பத்தெட்டு. நடுவுல இருக்கறது எனக்கு."

அவர் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். "குடும்பஸ்தரா அவர்?"

"இடிச்சு செங்கல்ல வித்துருவார்."

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு அவர் கேட்டார்: "நீ என்கிட்டப் பொய் சொன்னியா, வெர்னீஸ்?"

"இல்ல."

"நான் அந்த வார்த்தையக் காட்டிக் கேட்டேன்."

"கேட்டீங்க. வழக்கமா போடறதுன்னு சொன்னேன்."

"அது பொய்யில்ல. ஆனா பதிலும் இல்ல." அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "முப்பத்தொரு வருஷம் அசெம்பிளி லைன்ல நின்னிருக்கேன். எனக்குத் தெரியாததுன்னா வாய் விட்டுக் கேப்பேன், வெக்கப்பட மாட்டேன். கேட்டுமே என்னைக் கோமாளி ஆக்கிட்டீங்க. நேத்து அத்தனை பேரும் சிரிச்சாங்க, நானும் சேந்து சிரிச்சேன். இல்லாத ஒருத்தருக்கு மூணு பக்கம் எழுதியிருக்கேன், மிஸ் ப்ளெட்சோ."

வெர்னீஸ் என்பதும் 'நீ' என்பதும் போய்விட்டதை அம்மாவும் கவனித்தார். ரத்துப் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தார். "இதுல நான் ஏற்கனவே கையெழுத்துப் போட்டுட்டேன். நீங்களும் போட்டா ஒங்க வீடு ஒங்களுக்கு. இல்ல, எல்லாம் தெரிஞ்சும் இதே வெலைக்கு விக்கறேன்னா, அதுவும் ஒங்க இஷ்டம். கெஸ்லிங்குக்கு நேரா வித்து முழு நாப்பத்தொம்போதையும் வாங்கணும்னா அவர் நம்பர் தர்றேன், நான் குறுக்க நிக்க மாட்டேன். வெளில விளம்பரம் பண்ணி விக்கணும்னா வேற ஏஜென்ட் பேரு சொல்றேன்."

"வேற ஏஜென்ட் எதுக்கு? நீங்க பண்ண மாட்டீங்களா?"

"இவ்வளவு நாள் எதிர்ப்பக்கம் இருந்திட்டு, இன்னைக்கு ஒங்க பக்கம் வந்து ஒக்காந்தா, நீங்க என்னை எப்படி நம்புவீங்க?"

"நம்பமாட்டேன்" என்றார் அவர். பேனாவை எடுத்து, இந்த முறை ஒவ்வொரு வரியாகப் படித்தார். 'பரஸ்பர விடுவிப்பு' என்ற இடத்தில் நிறுத்தி, "இது என்ன?" என்று கேட்டார். இனி ஒருவர் மேல் ஒருவர் எதுவும் கோர முடியாது என்பதை அம்மா இரண்டு நிமிடம் சாதாரணப் பேச்சில் விளக்கினார். அவர் கையெழுத்துப் போட்டார்.

கிளம்பும்போது அம்மா உறையை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் தொடவில்லை. "எழுதிக் கொடுத்தத நான் திரும்பி வாங்க மாட்டேன். நீங்களே வெச்சுக்கோங்க."

கெஸ்லிங்கை அம்மா காரிலிருந்தே கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் அவர் குரல் எனக்கும் கேட்டது. "கையெழுத்தான அக்ரிமென்ட்ட விட்டுட்டியா? விடச் சொல்லி யாரும் ஒன்னைக் கேக்கவே இல்லையே. பஸ் ஓட்டறவங்களுக்கு இந்தத் தொழில் வராது, வெர்னீஸ்."

"மூணு மணிக்கு எனக்கு நடை இருக்கு, மிஸ்டர் கெஸ்லிங். வெச்சுடறேன்" என்றார் அம்மா.

பெட்டிஃபோர்ட் கெஸ்லிங்கின் நம்பரைக் கேட்கவில்லை. தானே ஓர் ஏஜென்டைத் தேடிக்கொண்டார். அம்மாவிடம் ஏஜென்ட் பெயரும் கேட்கவில்லை. நவம்பரில் வீடு நாற்பத்துநாலாயிரத்துக்குப் போனது. வாங்கியவர் கூரை வேலை செய்பவர். ஒழுகும் கூரையைப் பார்த்து அவர் பயப்படவில்லை. கமிஷனும் செலவும் போகப் பெட்டிஃபோர்டின் கைக்கு முதல் விலையை விட மூவாயிரம் சொச்சம்தான் கூடுதலாக வந்திருக்கும். செங்கல்காரரிடம் போயிருந்தால் இன்னும் நிறைய. சொல்லிக்கொள்ளாமல் கான்சஸ் சிட்டி போய்விட்டார். அம்மாவுடன் பிறகு பேசவே இல்லை. இதை அம்மா எதிர்பார்த்தாரா என்று தெரியவில்லை. நான் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் மன்னிப்பு கிடைத்துவிடும் என்று எண்ணியிருந்தேன்.

அம்மா கைமாற்றும் தொழிலை விடவில்லை. அது சட்டப்படியான தொழில், சிலருக்கு அவசரமாக உதவுகிற தொழிலும்கூட. ஆனால் இப்போது அசைன்ஸ் என்ற சொல்லுக்குக் கீழே தன் கையால் எழுதுகிறார்: 'நான் இங்கே குடிவர மாட்டேன். இதை வேறொருவருக்கு லாபத்துக்கு மாற்றுவேன். அவர் வீட்டை இடிக்கவும் கூடும்.' அதைச் சத்தமாகப் படித்தும் காட்டுகிறார். பாதிப் பேர் அங்கேயே எழுந்துவிடுகிறார்கள். மீதிப் பேர் கையெழுத்துப் போடுகிறார்கள். "மிஸ் வெர்னீஸ், நீங்க வியாபாரத்துக்குப் போறீங்களா, பாவமன்னிப்பு வாங்கப் போறீங்களா?" என்று டெஸ்மண்ட் கேட்கிறார். ராஜினாமாக் கடிதம் குளிர்பெட்டியின் மேல் தேதியில்லாமல் இன்னும் இருக்கிறது.

டிசம்பர் முதல் வாரத்தில் கடுங்குளிர் வந்தது. பெட்டிஃபோர்டின் வீடு இருக்கும் முனை, அம்மாவின் காலை நடையில் ஏழாவது நிறுத்தம். புதுக் குடும்பத்தின் மகள் டமாரா, ஒன்பது வயது, அங்கேதான் ஏறுவாள். அன்று இரண்டு கோட்டுப் போட்டுக்கொண்டு ஏறினாள் என்று அம்மா சொன்னார்.

"என்னடி, ரெண்டு கோட்டு?"

"ஹீட்டர் ஓட மாட்டேங்குது. அப்பா ராத்திரியெல்லாம் அதத் திட்டிட்டிருந்தார்."

மறுநாள் காலை அம்மா உறையை எடுத்துக்கொண்டு போனார். டமாரா ஏறியதும் அவள் கையில் கொடுத்து, அப்பாவிடம் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். கதவைத் திறந்தபடி பேருந்து நின்றது. பின்னாலிருந்து பிள்ளைகள் குளிருகிறது என்று கத்தினார்கள்.

டமாரா படிக்கட்டில் நின்று உறையின் மேல் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "மிஸ் வெர்னீஸ், இது எங்களுக்கு இல்ல. எங்க பேரு அசைன்ஸ் இல்லையே."

"ஒங்களுக்குத்தான்" என்றார் அம்மா. "ரெண்டே ஒததான்னு அப்பாகிட்டச் சொல்லு. மூணாவது வேணாம்."